ஐந்து பெட்டிகளும் வலது பக்கம்

மகளைச் சாக்காக வைத்து என் ஆசையைத் தீர்த்துக்கொண்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போலீஸ் தேர்வில் எழுத்துப் பரீட்சையிலும் ஓட்டத்திலும் அவள் தேறிவிட்டாள். மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி, அதற்கும் பத்து நாள்தான் இருந்தது. பிள்ளைக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று கிளம்பிப் போனவன், வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டுகிற சரவுண்டு ஸ்பீக்கர் செட்டோடு திரும்பி வந்தேன். ஐந்து சின்னப் பெட்டி, பேஸுக்கு ஒரு பெரிய பெட்டி. அவள் கேட்டிருந்தது ஒரு ஜோடி ஷூ.

"இதை யாரு கேட்டா உங்ககிட்ட?" என்றாள் என் மனைவி. "வீடு பூரா வயரா ஓட்டப் போறிய. பெருக்குறவ நானு."

"படத்துல மழை பெய்ஞ்சா நம்ம முதுகுக்குப் பின்னால பெய்யும். கேட்டுட்டுப் பேசு."

"மழையும் சாரலுமா ஊரே நசநசன்னு கெடக்கு. அதுக்கு ஒரு பெட்டி வேற!"

அவள் பேச்சு எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஆனால் அன்று சந்தோஷமாக இருந்தேன், அதனால் விட்டுவிட்டேன். எங்கள் ஆட்களில் வீட்டுக்கு ஒருவராவது காக்கி போட்டிருப்பார்கள். என் சித்தப்பா இரண்டு பேர் போலீஸ். கடையத்தில் இருக்கிற என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், பட்டாளத்தில் இருந்து வந்தவர். நான் ஒருத்தன்தான் நெஞ்சளவு காணாது என்று திருப்பி அனுப்பப்பட்டு, வீரகேரளம்புதூர் தாலுகா ஆபீஸில் காகிதம் நகர்த்திக்கொண்டிருக்கிறேன். கல்யாண வீடுகளில் மச்சான் மீசையைத் தடவிக்கொண்டு, "நம்ம மாப்பிள்ளைக்கு நெஞ்சுலதான் கொஞ்சம் காணாது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். இருபது வருஷமாக அந்தச் சிரிப்பை முழுங்கியவன் நான். என் மகள் காக்கிச் சட்டையில் வந்து அந்தாள் முன்னால் நிற்கப்போகிறாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தேன். முன்னால் மூன்று பெட்டி, பின்னால் இரண்டு. பின்பெட்டிகளுக்குப் போகிற வயரைப் பீரோவுக்குப் பின்னால் விட்டு, கதவு நிலையில் டேப் ஒட்டி, கட்டிலைச் சுற்றிக் கொண்டுபோனேன். கம்ப்யூட்டரின் முதுகில் சொருக மூன்று பின்: முன்பெட்டிகளுக்குப் பச்சை, பின்பெட்டிகளுக்குக் கறுப்பு, நடுப்பெட்டிக்கும் பேஸுக்கும் ஆரஞ்சு. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிற்று. ஒரு பெட்டி இரண்டு தடவை அலமாரியிலிருந்து விழுந்தது. அடுப்படியிலிருந்து, "உடைச்சிட்டியளா? நல்லது" என்று குரல் வந்தது.

அறை நடுவில் நாற்காலியைப் போட்டு மகளை உட்காரவைத்தேன். நான் மேஜைக்குப் பின்னால் போய் நின்றேன். செட்டிங்ஸில் ஐந்து பெட்டிக் கணக்கைத் தேர்ந்தெடுத்து டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் திரையில் ஓர் அறையின் படம் வரும். அதில் ஒவ்வொரு பெட்டியாக விளக்குப் பிடித்ததுபோல் தெரியும். எது தெரிகிறதோ அதிலிருந்து சத்தம் வர வேண்டும். மௌஸ் அவள் கையில்.

"இடது முன்னாடி கேக்குதா?"

"கேக்குதுப்பா."

"நடுவுல?"

"கேக்குது."

"பின்னாடி ரெண்டும்?"

"கேக்குதுப்பா. சூப்பரா இருக்கு."

பின்பெட்டிகளிலிருந்து எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து பார்த்தால் கறுப்புப் பின் மேஜை விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நான் அதைச் சொருகவே இல்லை.

சிரித்துவிட்டேன். "ஏட்டி, கறுப்புப் பின்னே மாட்டலையே, எங்கிட்டு இருந்து உனக்குச் சத்தம் வந்துச்சு? அப்பா மனசு நோகக் கூடாதுன்னு புளுகுதியோ?" அவளும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் நிற்கவில்லை. நான் அப்போது அதைக் கவனித்தேனே தவிர, எதுவும் யோசிக்கவில்லை.

பின்னைச் சொருகினேன். "இப்ப கண்ணை மூடிக்கிட்டு உக்காரு. சத்தம் எங்கிட்டு இருந்து வருதோ அங்க கையை நீட்டு" என்றேன். சின்ன வயசில் கண்ணாமூச்சி ஆட்டத்துக்கு அவளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டதுகூட நினைவுக்கு வந்தது. மௌஸை நான் வாங்கிக்கொண்டேன்.

முன் இடது பெட்டி கத்தியது. அவள் வலது பக்கம், சன்னலைப் பார்த்துக் கையை நீட்டினாள். நடுப்பெட்டி கத்தியது. சன்னலைக் காட்டினாள். பின் இடது. கொஞ்சம் தயங்கி, மறுபடியும் சன்னல்.

வயரை மாற்றி மாட்டிவிட்டோம் என்று நினைத்தேன். இடதைப் பிடுங்கி வலதில் போட்டேன், வலதைப் பிடுங்கி இடதில் போட்டேன். அப்போதும் கை சன்னல் பக்கமே போயிற்று. வேர்த்துக் கொட்டுகிறது, கோபம் வருகிறது. எனக்குக் கோபம் வந்தால் கை முந்தும், புத்தி பிந்தும். ஸ்பீக்கர் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"என்ன சாமான் அண்ணாச்சி தலையில கட்டியிருக்கிய? அஞ்சு பெட்டியும் ஒரே பக்கத்துல கத்துது!"

"யாருக்குக் கத்துது?"

"என் மகளுக்கு."

"நீங்க அந்த நாற்காலியில உக்காந்து கேட்டியளா?"

நான் உட்காரவில்லை. காலையிலிருந்து ஒரு தடவைகூட உட்காரவில்லை.

"மொதல்ல நீங்க உக்காந்து கேளுங்க. பொறவு என்னைய ஏசுங்க" என்று போனை வைத்துவிட்டார்.

வயர்களைப் பழையபடி மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். மகள் பொத்தானை அழுத்தினாள். சத்தம் இடது முன்னாலிருந்து கிளம்பி, நடுவுக்கு வந்து, வலதுக்குப் போய், பின்னால் சுற்றிக்கொண்டு என் இடது தோளுக்கு வந்து சேர்ந்தது. ஒரு குறை கிடையாது. பெட்டி நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு பழைய விளையாட்டு உண்டு. இவளை இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் வலது பக்கம் திரும்பிப் பார்ப்பாள். மச்சான் வந்தால் இதுதான் பொழுதுபோக்கு. கூட்டத்துக்குள் நின்றுகொண்டு கூப்பிடுவார், அவள் எதிர்ப்பக்கம் தேடுவாள், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "திக்குத் தெரியாதவ, இவ போலீஸாகித் திருடனை எங்கிட்டுப் போய்ப் பிடிப்பா?" என்பார். நானும்தான் கூப்பிட்டிருக்கிறேன். நானும்தான் சிரித்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு அது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

"ஏட்டி, இங்கன வா."

வந்தாள். எழுந்து அவள் வலது காதை என் உள்ளங்கையால் நன்றாகப் பொத்தினேன். இடது காதுப் பக்கம் குனிந்து, "உன் பேரு என்ன?" என்று கேட்டேன். பேசாமல் நின்றாள். இன்னும் சத்தமாகக் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "ஏதும் சொன்னியளாப்பா?" என்றாள்.

அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ரொம்ப நாளா."

"பின் மாட்டாததுக்கே கேக்குதுன்னு சொன்னியே, ஏன் அப்படிச் சொன்ன?"

"படத்துல விளக்கு எரிஞ்சுதுப்பா. எனக்குக் கேக்கலைன்னா என் காதுதான் கோளாறுன்னு நினைச்சுக்குவேன். எப்பவும் அப்படித்தான்."

"எப்ப இருந்துன்னு கேக்கேன், சொல்லித் தொலையேன்!"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். பிறகு மகள் தாழ்ந்த குரலில், "ஐந்தருவிக்குப் போயிட்டு வந்ததுல இருந்து" என்றாள்.

எனக்கு உடனே ஞாபகம் வரவில்லை. அதுதான் கொடுமை. நாங்கள் ஐந்தருவிக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறோம். எந்தத் தடவை என்று கேட்க வாயெடுத்து, மனைவி முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

அவள் எட்டாவது படித்த வருஷம். குற்றாலத்தில் நல்ல சீசன். கடையத்திலிருந்து மச்சான் குடும்பம் வந்திருந்தது. பெண்கள் குளிக்கிற பக்கம் போனவளை ஒரு மணி நேரமாகக் காணோம். தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கத் தொடங்கியிருந்தது, போலீஸ்காரர்கள் ஊதல் ஊதி ஆட்களை வெளியே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஈரத் துண்டோடு கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினேன். வேண்டாத தெய்வம் இல்லை. கடைசியில் பார்த்தால், மச்சான் மகளோடு பஜ்ஜிக் கடையில் நின்று, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட மிளகாய் பஜ்ஜி தின்று சிரித்துக்கொண்டிருக்கிறாள். உயிர் திரும்பி வந்தது. அந்த நிமிஷமே கையும் ஓங்கிவிட்டது. கன்னம், காது எல்லாம் சேர்த்து ஒரே அறை. பஜ்ஜி கீழே விழுந்தது. ஈரக் காதில் விழுந்த அறை சத்தமாகக் கேட்டது. கடைக்காரர்கூட, "பொம்பளப் பிள்ளையப் போய் அடிக்கியளே அண்ணாச்சி" என்றார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? தகப்பன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

சாயங்காலமே காது வலி. நான்தான், "அருவித் தண்ணி போய் அடைச்சிருக்கும்" என்றேன். நான் சொன்னதையே எல்லோரும் சொன்னார்கள். மனைவி நல்லெண்ணெயில் பூண்டைப் போட்டுக் காய்ச்சி காதில் ஊற்றினாள். தலையணையில் சீழ் பட்டது. எங்கள் ஊர்க்காரனுக்குக் குற்றாலத் தண்ணீரைப் பற்றி ஒரு திமிர் உண்டு. மூலிகைக்குள் புகுந்து வருகிற தண்ணீர், அதற்கு மிஞ்சின மருந்து கிடையாது என்பான். "உள்ள போன தண்ணிய அந்தத் தண்ணிதான் இழுக்கும்" என்று அந்தச் சீசனிலேயே இன்னும் மூன்று தடவை அவளை அருவிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போய், இடது காது மேலே தெரிகிற மாதிரி அவள் தலையைச் சாய்த்து அருவிக்குக் கீழே பிடித்தேன். அவள் கத்தினாள். தண்ணீர் குளிர்ச்சிக்குக் கத்துகிறாள் என்று இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

சீழ் நின்றது. வலி நின்றது. சரியாகிவிட்டது என்று நாங்கள் சொன்னோம், அவளும் சரி என்றாள்.

மறுநாளே தென்காசியில் ஒரு காது டாக்டரிடம் போனோம். அவர் விளக்கை வைத்துப் பார்த்தார், காதில் மாட்டி ஒரு மெஷினில் சோதித்தார். சவ்வு கிழிந்து, புரையோடி, உள்ளே இருப்பதும் பழுதாகிவிட்டது என்றார். கிழிந்த சவ்வை அறுவை செய்து மூடலாம், ஆனால் போன கேட்கும் சக்தி அதனால் திரும்பி வராது.

"எப்படி ஆச்சு இது?" என்று கேட்டார்.

நான் சொல்ல வேண்டும். சொல்வதற்கென்றே பஸ்ஸில் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வந்திருந்தேன். அதற்குள் மகள், "அருவியில குளிக்கையில தண்ணி போயிட்டு டாக்டர்" என்றாள். அவர் எழுதிக்கொண்டார். நான் பேசாமல் இருந்தேன். அன்றைக்கு என்மேல் எனக்கு வந்த அருவருப்பு இன்றுவரை போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "அப்ப வேலை?" என்றேன். என் வாயில் முதலில் அதுதான் வந்தது.

"எனக்கு ஒரு வழி தெரியும்ப்பா" என்றாள். பரிசோதனையில் ஒரு காதைக் கையால் பொத்தச் சொல்லிவிட்டு, பின்னால் நின்று மறு காதுக்கு மெதுவாக எண்களைச் சொல்வார்களாம். வலது காதைப் பொத்தச் சொல்லும்போது விரலுக்கிடையில் கொஞ்சம் சந்து விட்டுவிட்டால் போதும். அவள் கூட்டாளிப் பெண்ணை வைத்து ஒரு மாசமாகப் பழகியிருக்கிறாள். ஊரார் சான்றிதழ்களை ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்க்கிற ஆபீஸில் வேலை பார்க்கிறவன் நான். அந்த எட்டு நாளும் ஆபீஸ் விட்டு வந்ததும் மகளுக்குப் பின்னால் நின்று, "முப்பத்தேழு... அறுபத்திரண்டு" என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தேன். அவள் சரியாகச் சொன்னால் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். ஸ்பீக்கர் பெட்டிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. யாரும் அதைப் போடவில்லை.

பரிசோதனை திருநெல்வேலியில். வாசலுக்கு வெளியே, பிள்ளைகளைக் கூட்டி வந்த தகப்பன்மாரோடு நானும் நின்றேன். ஒருத்தர் தன் மகள் டிஎஸ்பி ஆகிவிட்ட மாதிரியே பேசிக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்கு மேல் என் மகள் வெளியே வந்தாள். நான் அவளுக்கு இடது பக்கம் நின்று கூப்பிட்டேன். அவள் வலது பக்கம் திரும்பித் தேடினாள். பக்கத்தில் நின்றவர் சிரித்தார். எனக்கு அவர் குரல்வளையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது.

கிட்டே போனதும், "இல்லப்பா" என்றாள். "என்னையப் பொத்தச் சொல்லல. நர்ஸே வந்து அவங்க விரலால காதை அமுக்கிப் பிடிச்சிட்டாங்க." அவ்வளவுதான் சொன்னாள். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தென்காசி பஸ்ஸில் டிரைவர் பக்கத்து மூன்று பேர் சீட் கிடைத்தது. அவள் வலது கைப் பக்கம் சன்னலோரம், நான் நடுவில். ஆலங்குளம் வந்தது. பஸ் நின்றபோது, இதற்குமேல் தாங்காது என்று, அவள் பக்கம் குனிந்து சொன்னேன். "அன்னைக்கு நான் அடிச்சதுலதான் போச்சு. தண்ணியால இல்ல. நான் பாவி."

அவள் சன்னலுக்கு வெளியே திரும்பினாள். கீழே ஒரு அம்மா வெள்ளரிப்பிஞ்சுத் தட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். "வேண்டாம்க்கா" என்று அவளிடம் சொல்லிவிட்டு மகள் என்னிடம், "உங்களுக்கு வேணுமாப்பா?" என்று கேட்டாள்.

நான் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. நான் உட்கார்ந்திருந்தது அவளுடைய இடது பக்கம். இத்தனை ஆனபிறகும் எனக்கு அது உறைக்கவில்லை.

ஒரு நிமிஷம், இதோடு விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. சொன்னது சொன்னதுதானே என்று மனசு கணக்குப் போட்டது. சே, என்ன மனுஷன் நான்.

"எந்திரி. நான் சன்னலோரம் வாரேன்" என்றேன். ஏன் என்று கேட்காமல் மாறி உட்கார்ந்தாள். இப்போது நான் அவளுடைய வலது பக்கம். பஸ் கிளம்பியது. இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தி, ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆளுக்கும் கேட்கும்படி, அதையே மறுபடியும் சொன்னேன்.

அவள் மடியில் இருந்த பரிசோதனைக் காகிதத்தை நான்காக மடித்தாள். மறுபடியும் பிரித்தாள்.

"தெரியும்ப்பா. எனக்குத் தெரியாதா?" என்றாள்.

பாவூர்சத்திரம் வந்துவிட்டது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். நான் அத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"எல்லாரும் தண்ணி தண்ணின்னு சொன்னியளே தவிர, ஒருத்தரும் கேக்கல. ரொம்ப வலிச்சுதுப்பா."